பக்கத்துக்குள் ஒரு பக்கம்

1997 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய செய்தி நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து நியூயார்க் நீதிமன்றப் படியேறின. வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என், டைம், வால் ஸ்ட்ரீட் ஜர்னலை நடத்தும் டவ் ஜோன்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், ராய்ட்டர்ஸ் என்று, மற்ற நாட்களில் ஒருவரை ஒருவர் முந்தத் துடிப்பவர்கள்தான் எல்லோரும். எதிர்த்தரப்பில் நின்றது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து நடந்துவந்த டோட்டல்நியூஸ் என்ற சின்ன இணையதளம். அந்தத் தளம் ஒரு செய்தியைக்கூட நகலெடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இடது ஓரத்தில் செய்தி நிறுவனங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தது. ஒரு பெயரைச் சொடுக்கினால் அந்த நிறுவனத்தின் பக்கம் திரையின் நடுவில் திறக்கும். சுற்றிலும் டோட்டல்நியூஸின் சின்னமும் அது விற்ற விளம்பரமும் அசையாமல் நிற்கும். உள்ளே வந்த பக்கத்தின் சொந்த விளம்பரம் ஓரத்தில் வெட்டுப்பட்டு மறையும். முகவரிப் பட்டையில் கடைசிவரை டோட்டல்நியூஸின் பெயர்தான்.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. அதே ஆண்டு ஜூனில் சமரசம் ஆகிவிட்டது. வெறும் இணைப்பு கொடுத்துக்கொள்ளலாம், ஃப்ரேமுக்குள் அடைத்துக் காட்டக் கூடாது என்று டோட்டல்நியூஸ் ஒப்புக்கொண்டது. நீதிபதி வாய் திறக்காததால் கேள்வி அப்படியே நின்றது: ஒருவருடைய பக்கத்தை இன்னொருவர் தன் பக்கத்துக்குள் வைப்பதற்கு அனுமதி தர வேண்டியவர் யார்? விற்பனை வரைபடம், வரைபடத்துக்குப் பக்கத்தில் வானிலை, கீழே வாடிக்கையாளர் பட்டியல் என்று இன்று அலுவலகத் திரைகளை நிறைக்கும் ஒவ்வொரு டாஷ்போர்டுக்கு அடியிலும் இந்தக் கேள்வி கிடக்கிறது. நீதிமன்றம் விட்டுப்போன பதிலைப் பிரவுசர் எழுதுபவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் ஏதாவது விபரீதம் நடந்த பிறகு, எழுதி முடித்தார்கள்.

ஃப்ரேம் என்ற வசதி 1996 மார்ச்சில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வழியாகப் பரவியது. நோக்கம் சாதுவானது. வீடுகளில் 28.8 கிலோபிட் மோடம் முனகிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு முறையும் தலைப்பையும் பட்டியலையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் இறக்குவதற்குப் பதில், பட்டியலை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றினால் நேரம் மிச்சம். திரையை இரண்டு மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனி முகவரியைத் திறக்கலாம். அந்த முகவரி யாருடையதாக இருக்க வேண்டும் என்று நெட்ஸ்கேப் கேட்கவே இல்லை.

வாசகர்கள் திண்டாடினார்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் எந்தத் துண்டு பின்னால் போகும் என்று தெரியாது; பக்கத்தைக் குறித்துவைத்தால் முதல் பக்கம்தான் சேமிக்கப்படும்; அச்சிட்டால் பட்டியல் மட்டும் தாளில் வரும். பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1996 டிசம்பரிலேயே ஃப்ரேம்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-இல் வேறொரு வகையைக் கொண்டுவந்திருந்தது. திரையை வெட்டாமல், எழுத்துக்கு நடுவே படம் வைப்பதுபோலப் பக்கத்தின் எந்த இடத்திலும் ஒரு சதுரம் திறந்து அதற்குள் இன்னொரு பக்கத்தை வைக்கலாம். இதுதான் ஐஃப்ரேம். 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.0 தரநிலை இரண்டையும் ஏற்றது. 2014-இல் ஹெச்டிஎம்எல் 5 வந்தபோது நெட்ஸ்கேப்பின் வெட்டுத் துண்டுகளைக் கழித்துக்கட்டினார்கள். ஐஃப்ரேம் மட்டும் தப்பியது.

நெட்ஸ்கேப் 2-இல் ஃப்ரேமோடு கூடவே இன்னொன்றும் வந்து இறங்கியது: ஜாவாஸ்கிரிப்ட். பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்கும். யாரோ ஒருவர் தன் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ரேம் ஒன்றைப் போட்டு அதில் உங்கள் மின்னஞ்சல் பக்கத்தைத் திறக்கிறார். நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறீர்கள். நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குக் காட்டும் சிறு குறிப்பான உங்கள் குக்கியும் கூடவே போகிறது. மின்னஞ்சல் முழுவதும் அந்த ஃப்ரேமில் விரிகிறது. வெளியிலிருக்கும் நிரல் அதை வரி வரியாகப் படித்துத் தன் சர்வருக்கு அனுப்பிவிடலாம்.

அதைத் தடுக்க நெட்ஸ்கேப் போட்ட விதிதான் ‘ஒரே மூலம்’ என்ற கொள்கை. நெறிமுறை, தளத்தின் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஒரு பக்கம் இன்னொன்றைத் தொடலாம். ஒன்றில் ஹெச்டிடிபி, இன்னொன்றில் ஹெச்டிடிபிஎஸ் என்றால்கூட இரண்டும் அந்நியம்தான். பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும்: முற்றம் பொது, அடுத்த குடித்தனத்தின் டிரங்குப் பெட்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்நியப் பக்கத்தைக் காட்டலாம், படிக்க முடியாது. இன்றுவரை வலையின் பாதுகாப்பு இதன் மேல்தான் நிற்கிறது. டாஷ்போர்டு செய்ய வந்தவர்கள் எல்லோரும் முதலில் தலையை முட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான்.

தொண்ணூறுகளின் இறுதியில் அந்த முட்டல் பெரிதாகத் தெரியவில்லை. 1996-இல் தொடங்கிய மை யாகூ போன்ற தனிப்பயன் முகப்புகள் பங்குவிலையையும் வானிலையையும் ஒப்பந்தம் போட்டு வாங்கி, தங்கள் சர்வரிலேயே சமைத்துப் பரிமாறின. உள்ளே அந்நியர் எவரும் இல்லை. 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டெஸ்க்டாப் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இணையப் பக்கங்களைக் கணினியின் மேசைப்பரப்பிலேயே ஒட்டவைத்தது. கணினி நத்தையானதுதான் மிச்சம். விண்டோஸ் விஸ்டா வந்தபோது அது ஓசையில்லாமல் நீக்கப்பட்டது.

எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்த ஆண்டு 2005. பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. அப்போது டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனில் வேலை பார்த்த பால் ரேட்மேக்கர், அந்த வரைபடத்தின் ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் படித்து, கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வாடகை வீட்டு விளம்பரங்களை அதன்மேல் குத்திவைத்தார். ஹவுசிங்மேப்ஸ் என்று பெயர். இரண்டு நிறுவனங்களில் எதனிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. வீடு தேடி அலைந்த மக்கள் அதைக் கொண்டாடினார்கள். கூகுள் வழக்குப் போடாமல் ஜூனில் வெளி நிரல்கள் வரைபடத்தைப் பயன்படுத்துவதற்கான வாசலை, அதாவது ஏபிஐ-யை, அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது, பிறகு ரேட்மேக்கரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. எட்டு ஆண்டுக்கு முன் டோட்டல்நியூஸுக்குக் கிடைத்தது நீதிமன்ற அழைப்பாணை. இவருக்குக் கிடைத்தது பணி நியமனம். காலம் எவ்வளவு மாறியிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அதே ஆண்டு மே மாதம் கூகுள் தனிப்பயன் முகப்பு ஒன்றைத் தொடங்கியது. 2007-இல் அதற்கு ஐகூகுள் என்று பெயர் மாறியது. 2005 செப்டம்பரில் பாரிஸிலிருந்து தாரிக் கிரிம் நெட்வைப்ஸைக் கொண்டுவந்தார். ஆப்பிளின் மேக் கணினியிலேயே டாஷ்போர்டு என்ற பெயரில் ஒரு வசதி ஏப்ரலில் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னப் பெட்டிகள்: ஒன்றில் கடிகாரம், ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் கிரிக்கெட் ஸ்கோர். அவற்றை எழுதியவர்கள் ஆயிரம் பேர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கூகுளுக்குத் தெரியாது. எனவே கேட்ஜெட் என்று அழைக்கப்பட்ட, வெளியார் எழுதிய இந்தப் பெட்டிகளை ஐஃப்ரேமில் வைத்து, ஜிமாட்யூல்ஸ் என்ற தனி டொமைனிலிருந்து பரிமாறியது. கூகுள் டொமைனின் குக்கிகள் அந்தப் பெட்டிக்குள் இருப்பவர் கைக்கு எட்டாது. இன்றைக்கும் நல்ல கட்டுமானம் என்று சொல்லத் தக்க ஏற்பாடு அது.

சிக்கல் எங்கே என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாது. முகவரிப் புத்தகத்தில் ஒரு நண்பரைத் தேர்ந்தெடுத்தால் அருகில் இருக்கும் வரைபடம் அவர் வீட்டைக் காட்ட வேண்டும் என்று பயனாளி எதிர்பார்க்கிறார். நியாயமான ஆசைதான். இரண்டும் வேறு வேறு மூலம் என்பதால் பிரவுசர் குறுக்கே நிற்கிறது.

ஓட்டை கண்டுபிடிப்பதில் நிரலாளர்களை மிஞ்ச ஆளில்லை. அடுத்த தளத்தின் தகவலைப் படிக்கத்தான் தடை. அங்கிருந்து ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கொண்டுவந்து ஓடவிடத் தடையில்லை. அதனால் தகவலையே நிரல் வேடத்தில் அனுப்பச் சொன்னார்கள். 2005 டிசம்பரில் பாப் இப்போலிட்டோ இதற்கு ஜேஸான்பி என்று பெயரிட்டு முறைப்படுத்தினார். வேலை நடந்தது. ஆனால் வானிலை கேட்ட இடத்திலிருந்து வருவது வானிலைதானா, உங்கள் பக்கத்தையே சூறையாடும் நிரலா என்று பார்க்க வழியில்லை. கொடுப்பவரை முழுக்க நம்பியாக வேண்டும். சிலர் சாளரத்துக்குப் பெயர் வைக்கும் வசதியைப் பிடித்தார்கள். பக்கம் மாறினாலும் சாளரத்தின் பெயர் மாறாது என்பதால், பெயர் என்ற இடத்தில் ஒரு மூட்டைத் தகவலைத் திணித்து அடுத்த பக்கத்துக்குக் கடத்தினார்கள்.

எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது முகவரியின் வாலைப் பிடித்த வழி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஃப்ரேமுக்குள் இருக்கும் அந்நியப் பக்கத்தின் முகவரியைத் தாய்ப் பக்கம் படிக்க முடியாது. ஆனால் அதை மாற்ற முடியும்! முகவரியில் # குறிக்குப் பின் வரும் பகுதியை மட்டும் மாற்றினால் பிரவுசர் பக்கத்தை மறுபடி இறக்காது. அதே பக்கத்தின் வேறொரு பத்திக்குப் போகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே தாய்ப் பக்கம் # குறிக்குப் பின்னால் தான் சொல்ல நினைத்ததை எழுதிவைக்கும். உள்ளிருக்கும் பக்கம் நொடிக்குப் பல முறை தன் முகவரியைத் தானே எடுத்துப் பார்த்து, வால் மாறியிருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கும். மாறியிருந்தால் செய்தி வந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமா? உள்ளிருக்கும் பக்கம் தனக்குள் இன்னொரு குட்டி ஃப்ரேமைத் திறந்து, தாய்ப் பக்கத்தின் தளத்திலிருந்தே ஒரு வெற்றுப் பக்கத்தை அதில் வரவழைத்து, அதன் முகவரி வாலில் பதிலைக் கட்டிவிடும். அந்தக் குட்டியும் தாயும் ஒரே மூலம் என்பதால் தாய் அதைத் தாராளமாகப் படிக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் முகவரியின் நீளம் 2,083 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால் பெரிய செய்தியைத் துண்டு துண்டாக்கி, எண் போட்டு, ஒவ்வொன்றாக அனுப்பி, மறுமுனையில் கோத்தார்கள். டோஜோ போன்ற நிரல்தொகுப்புகளில் இது தயார்நிலையிலேயே கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் லைவ் சேவையும் தன் முகவரிப் புத்தகப் பெட்டிக்கு இதையே நம்பியது.

2008-இல் ஆடம் பார்த், காலின் ஜாக்சன், ஜான் மிட்சல் ஆகிய மூவர் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். முகவரி வாலில் வரும் செய்தியைச் சேர வேண்டியவர் மட்டும்தான் படிக்க முடியும், அதில் குறையில்லை. ஆனால் அனுப்பியது யார் என்று பெறுபவருக்குத் தெரியவே தெரியாது என்று காட்டினார்கள். இந்தக் குறையைச் சரிக்கட்ட விண்டோஸ் லைவ் நிரல்தொகுப்பு இரண்டு பக்கமும் ரகசிய எண்களை மாற்றிக்கொள்ளும் ஒரு முறையை வைத்திருந்தது. அந்த முறை அச்சு அசலாக 1978-இல் நீடமும் ஷ்ரோடரும் வகுத்த பழைய குறியாக்க நெறிமுறையைப் போலவே இருந்தது. அந்த நெறிமுறையில் நடுவில் ஒருவர் புகுந்துகொள்ளலாம் என்பதை 1995-இல், பதினேழு ஆண்டு கழித்து, கேவின் லோ கண்டுபிடித்திருந்தார். அதே ஓட்டை இங்கும் இருந்தது. அதே மருந்துதான் இங்கும் பலித்தது. பழைய ஆய்வுத்தாள்களை யாரும் படிப்பதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லிக்காட்டலாம்.

அவர்கள் காட்டிய இன்னொரு தாக்குதல் இன்னும் எளிது. அன்றைய பிரவுசர்கள் சிலவற்றில் ஒரு கேட்ஜெட், தன் பக்கத்தில் உள்ள மற்றொரு கேட்ஜெட்டின் ஃப்ரேமை வேறு முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஐகூகுளில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி இருந்த இடத்தில், அதே தோற்றத்தில் ஒரு போலிப் பெட்டியை உட்காரவைத்துவிட முடியும். மேலே முகவரிப் பட்டையில் கூகுளின் பெயர் அப்படியே இருக்கும். பயனாளிக்கு எப்படித் தெரியும்? தனக்குள் இருக்கும் ஃப்ரேம்களை மட்டுமே ஒரு பக்கம் திருப்பலாம் என்ற விதியை அவர்கள் முன்மொழிய, முன்னணி பிரவுசர்கள் ஏற்றுக்கொண்டன.

இத்தனை குறுக்குச் சந்துகளுக்கும் மாற்றாக ஒரு நேர்வழி அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதுதான் போஸ்ட்மெசேஜ். இயன் ஹிக்சன் எழுதிவந்த தரநிலை வரைவில் இருந்த இதை ஓபரா 8 பிரவுசர் 2005-இலேயே செய்துகாட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் 3 வழியாக 2008 ஜூனிலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வழியாக 2009 மார்ச்சிலும் அது பொதுவுடைமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் சாளரத்துக்குச் செய்தி அனுப்பும். பிரவுசர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது அனுப்பியவரின் மூலத்தைத் தானே முத்திரை குத்தித் தரும். அந்த முத்திரையைப் போலி செய்ய முடியாது.

முதல் வடிவத்தில் எதிர்த்திசையில் ஒரு ஓட்டை இருந்தது. அனுப்பியவர் யார் என்பது தெரிந்தது. பெறுபவர் யார் என்பது அனுப்பியவருக்குத் தெரியவில்லை. செய்தி கிளம்பும் நேரத்தில் ஃப்ரேமில் வேறு பக்கம் வந்து உட்கார்ந்திருந்தால் தகவல் அதன் கையில் விழும். பார்த் குழு சொன்னபடி, ‘இந்த மூலத்துக்கு மட்டும் கொடு’ என்று எழுத இரண்டாவது ஓர் இடம் சேர்க்கப்பட்டது. அவசரக்காரர்களுக்காக அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடவும் அனுமதித்தார்கள். ‘யாராக இருந்தாலும் கொடு’ என்று பொருள். அந்தச் சலுகையைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பெறுபவர்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சன், ஷ்மாட்டிகாவ் இருவரும் உலகின் முதல் 10,000 தளங்களை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். போஸ்ட்மெசேஜைப் பெறும் நிரல் 2,245 தளங்களில் இருந்தது. அவற்றில் 1,585 தளங்களில் முத்திரையைத் திருப்பிக்கூடப் பார்க்காத நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களிலும் பலர் அரைகுறையாகப் பார்த்தார்கள்: முத்திரையில் தங்கள் கூட்டாளியின் பெயர் எங்காவது இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெயரை நடுவில் வைத்து நீளமாக ஒரு டொமைனைப் பதிவுசெய்து வாங்கினால் யாரும் உள்ளே வந்துவிடலாம். பிரபலமான 84 தளங்களை உண்மையாகவே உடைக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதெல்லாம் இரண்டு பக்கமும் பேச விரும்பும் நிலைமை. உள்ளே வைக்கப்படுவதையே விரும்பாதவர்கள் என்ன செய்வது? டோட்டல்நியூஸ் காலத்திலிருந்தே அதற்கு ஒரு வீட்டு வைத்தியம் இருந்தது. ‘நான் எல்லாவற்றுக்கும் மேலான சாளரத்தில் இல்லையென்றால், மேல் சாளரத்தையே என் முகவரிக்குத் திருப்பு’ என்று இரண்டு வரி நிரலைப் பக்கத்தில் போட்டுவைப்பார்கள். அதை முறியடிக்கவும் இரண்டு வரி போதும். ஆனாலும் இதில் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை, 2008 செப்டம்பர் வரை.

அந்த மாதம் ராபர்ட் ஹேன்சன், ஜெரமையா கிராஸ்மன் ஆகிய இருவர் நியூயார்க் மாநாடு ஒன்றில் பேசவிருந்த உரையைத் தள்ளிவைத்தார்கள். அடோபி நிறுவனம் கேட்டுக்கொண்டதால் அவகாசம் கொடுத்தார்களாம். உரையின் பெயர் கிளிக்ஜாக்கிங். சங்கதி என்னவென்றால், ஐஃப்ரேமைக் கண்ணாடி போலத் தெரியாமல் ஆக்கி, ஒரு விளையாட்டின் பொத்தானுக்கு மேல் மிதக்கவிடலாம். ஆடுபவர் பொத்தானை அழுத்துவதாக நினைப்பார். அழுத்தம் உண்மையில் மேலிருக்கும் ஃப்ரேமில் விழும். அந்த ஃப்ரேமில் ஃப்ளாஷ் அமைப்புப் பக்கம் இருந்தால், அவருடைய கணினிக் கேமராவை அவரே திறந்துவிட்டிருப்பார். தகவலைப் படிக்கத் தடை இருந்தது. சொடுக்கைத் திருட இல்லை. 2009 பிப்ரவரியில் ‘சொடுக்காதே’ என்று எழுதிய ஓர் இணைப்பு ட்விட்டரில் காட்டுத்தீயாகப் பரவியது இதே தந்திரத்தால்தான். வேண்டாம் என்றால் நம் கை நிற்குமா?

மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் இதற்கு ஒரு பூட்டு வைத்தது. பக்கத்தை அனுப்பும் சர்வர், கூடவே எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்று ஒரு தலைப்பு வரியையும் அனுப்பலாம். ‘மறு’ என்று அதில் இருந்தால் எவருடைய ஃப்ரேமிலும் அந்தப் பக்கம் திறக்காது. ‘ஒரே மூலம்’ என்றிருந்தால் சொந்தத் தளத்துக்குள் மட்டும் திறக்கும். மற்ற பிரவுசர்களும் பின்தொடர்ந்தன. பின்னாளில், எந்தெந்தத் தளம் தன்னை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று பக்கமே பட்டியல் கொடுக்கும் வசதியும் வந்தது. 1997-இல் விடையில்லாமல் விடப்பட்ட கேள்விக்கு இதுதான் விடை. இடம் கொடுப்பவர் விரும்பினால் மட்டும் போதாது, உள்ளே வருபவர் சம்மதிக்க வேண்டும். இன்று கூகுள் தேடல் முகப்பை உங்கள் டாஷ்போர்டில் பதித்துப் பாருங்கள். இணைய மறுத்துவிட்டது என்று சாம்பல் நிறச் சதுரம்தான் வரும்.

பெரும்பாலான இந்தியர்களுக்கு இந்தச் சங்கதி பணம் கட்டும் இடத்தில்தான் நேரில் அறிமுகமானது. 2009 ஆகஸ்ட் முதல் இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்த இரண்டாவது ஓர் உறுதிப்பாடு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. வங்கியின் கடவுச்சொல் பக்கம் நடுவில் வந்து எட்டிப்பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். உலகெங்கும் இதே முறையைப் பயன்படுத்திய கடைகளில் பல, வங்கியின் பக்கத்தைத் தங்கள் பக்கத்துக்குள்ளேயே ஐஃப்ரேமில் காட்டின. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீவன் மர்டோக், ராஸ் ஆண்டர்சன் இருவரும் 2010-இல் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஃப்ரேமுக்கு முகவரிப் பட்டை கிடையாது. உள்ளே இருப்பது வங்கிதானா என்று வாடிக்கையாளர் சரிபார்க்க ஒரு வழியும் இல்லாமல் செய்துவிட்டு, கடவுச்சொல்லை மட்டும் கவனமாகப் போடு என்றால் எப்படி? கேள்வி சரிதான்.

உள்ளே வந்த பக்கம் அப்பாவி, வெளியில் இருப்பவர்தான் போக்கிரி என்ற கணக்கு 2010 ஏப்ரலில் தலைகீழானது. ஃபேஸ்புக்கின் லைக் பொத்தான் மற்ற தளங்களுக்கு வந்தது அப்போதுதான். யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் அந்தக் குட்டி ஐஃப்ரேமை வைத்துக்கொள்ளலாம். பொத்தானை நீங்கள் அழுத்தவே வேண்டாம். பக்கம் திறந்ததுமே உங்கள் குக்கியோடு ஃபேஸ்புக்குக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிடும். இப்படி உள்ளிருந்து வேவு பார்ப்பவர்களைத் தடுக்க ஆப்பிளின் சஃபாரி 2017-இல் களமிறங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாக மூடியது. கூகுள் இரண்டே ஆண்டில் குரோமிலும் மூடுவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு ஒத்திவைத்தது, மறுபடி ஒத்திவைத்தது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது.

வேவுக்காரர்களுக்குப் போட்ட தடை டாஷ்போர்டுக்காரர்களின் தலையிலும் விழுந்தது. 2020 பிப்ரவரியில் குரோம் 80, குக்கிகள் தம் சொந்தத் தளத்தில்தான் செல்லும் என்பதை இயல்பாக்கியது. அடுத்த தளத்துக்குள்ளும் வேலைசெய்ய வேண்டுமென்றால் அதைத் தனியே எழுதிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத தளங்களிலிருந்து டாஷ்போர்டில் பதித்த அறிக்கைகள் ஐஃப்ரேமுக்குள் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும்; கடவுச்சொல் போட்டால் மறுபடி உள்நுழைவுப் பக்கம். கோவிட் பரவியதால் ஏப்ரலில் கூகுள் இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, அத்தியாவசியத் தளங்கள் முடங்கக் கூடாதென்று ஜூலை வரை நிறுத்திவைத்தது.

அதே ஆண்டு ஜனவரி 22 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரன் கார்ட்னரும் அவரது ஆய்வு மாணவர் என்ஷெங் டாங்கும் திறந்துவைத்த கோவிட் டாஷ்போர்டைத்தான் உலகம் மூன்றாண்டு அண்ணாந்து பார்த்தது. கறுப்புப் பின்னணி, சிவப்பு வட்டங்கள். ஈஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளில் கட்டப்பட்ட அதைப் பல தளங்கள் தங்கள் பக்கத்துக்குள் பதித்துக்கொண்டன. மார்ச்சிலேயே அதைப் போலச் செய்த போலி வரைபடங்கள் கடவுச்சொல் திருடும் நிரலோடு உலவத் தொடங்கின. அசல் 2023 மார்ச் 10 அன்று நிறுத்தப்பட்டது.

பெட்டிகளுக்கு இடையே தகவல் பகிர்வதை மற்றவர்களுக்கு முன்பே முறையாக யோசித்தவர்கள் மருத்துவமனைக்காரர்கள். ஆய்வகம் ஒரு மென்பொருள், எக்ஸ்ரே ஒன்று, மருந்துச் சீட்டு ஒன்று என்றிருக்கும்போது, ஒன்றில் நோயாளியை மாற்றிவிட்டு மற்றொன்றில் மாற்ற மறந்தால் ஆபத்து யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு திரையில் நோயாளியைத் தேர்ந்தெடுத்தால் எல்லாத் திரையும் கூடவே மாற வேண்டும் என்று சிசிஓடபிள்யூ என்ற தரநிலை தொண்ணூறுகளிலேயே வகுக்கப்பட்டது. பங்குச்சந்தைக்காரர்களுக்கு அந்த ஞானம் தாமதமாக வந்தது. ஓப்பன்ஃபின் நிறுவனம் 2017-இல் தொடங்கிய எஃப்டிசி3 என்ற தரநிலையில், தொடர்புள்ள சாளரங்களுக்கு ஒரே நிறம் கொடுப்பார்கள். சிவப்புச் சாளரம் ஒன்றில் ஒரு பங்கைத் தொட்டால் மற்ற சிவப்புச் சாளரங்களின் வரைபடமும் செய்தியும் அந்தப் பங்குக்கு மாறும், பச்சை அசையாது.

ஐகூகுள் 2013 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. மேக்கின் டாஷ்போர்டு 2019-இல் போனது. பொதுமக்களின் முகப்புப் பெட்டிகள் போய்விட்டாலும் அலுவலகங்களில் அவை பெருகத்தான் செய்கின்றன. கண்காணிப்புத் திரைகளுக்குப் பெயர்பெற்ற கிராஃபானா 2014-இல் வந்தது. இன்று அதை நிறுவியதும் அப்படியே விட்டால் வேறு எந்தத் தளத்தின் ஃப்ரேமிலும் திறக்க மறுக்கும். நிர்வாகி அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினால்தான் அனுமதி. அந்த வரியை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தத் தளத்துக்கு அனுமதி என்று பெயர் போட்டு எழுதுங்கள், வரும் செய்தியின் முத்திரையை முழுதாகப் பாருங்கள், அனுப்பும் இடத்தில் நட்சத்திரக் குறி போடாதீர்கள்.